காசிநாதனின் நிலம் வெளியூர் போன வருஷங்கள்

1911ஆம் வருஷம் ஆடி மாதக் கடைசியில், ஆம்பூருக்குப் பக்கத்தில் உள்ள ஈச்சங்குப்பத்தில், காசிநாதனுக்குச் சொந்தமான ஒரு காணி மானாவாரி நிலம் மழையைத் தேடிப் புறப்பட்டுப் போனது. விதைத்த கேழ்வரகு முளைத்து, ஒரு தூறலும் காணாமல் தலை சாய்ந்திருந்த சமயம். கடலைப் புண்ணாக்கு மணங்குக்கு இரண்டணா ஏறியிருந்தது, ஏர்மாட்டு வாடகையும் ஏறியிருந்தது, வானத்திலிருந்து மட்டும் ஒன்றும் இறங்கவில்லை. வெயில் ஏறும் நேரத்தில் மேற்படி நிலம் நான்கு வரப்புகளோடும் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, அடிமண்ணை ஒருமுறை உதறிவிட்டு, மாட்டு வண்டியின் வேகத்தில் பாலாற்றைப் பார்த்துப் போயிற்று. அப்போது அதில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் காசிநாதனின் மனைவி ரங்கம்மாள். கல்யாணம் ஆகி முதல் வருஷம். பக்கத்து நிலத்தில் இருந்தவர்கள் குதிக்கச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். "பாதி களை அப்படியே கெடக்குது, உட்டுட்டு எப்படி எறங்கறது? அந்த ஆள் ஷாப்லேர்ந்து வந்தா சோறு உறியில கீதுன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் குனிந்துகொண்டாள்.

காசிநாதன் நிசார் அஹமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தான். சாயங்காலம் வந்து பார்த்தபோது நிலம் இருந்த இடத்தில் ஒரு முழ ஆழத்துக்குச் சதுரமான குழி இருந்தது. அவனுக்கு வேறொன்றும் செய்யத் தோன்றாததால், அடுத்த போகத்துக்கென்று வாங்கி வைத்திருந்த புண்ணாக்கை இடித்துக் குழியில் தூவினான். இல்லாத நிலத்துக்கு எரு போடுகிறான் என்று ஊர் சிரித்தது. கார்த்திகையில், வாணியம்பாடிப் பக்கம் நல்ல மழை என்று வண்டிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த நாளில், நிலம் முற்றிய கதிரோடு வந்து, புண்ணாக்கு வாசனை பிடித்து, குழிக்குள் மெல்ல உட்கார்ந்தது. ரங்கம்மாள் கறுத்து இளைத்து வரப்பிலிருந்து இறங்கினாள்.

அதற்குப் பிறகு மழை தவறிய வருஷமெல்லாம் நிலம் போய் வந்தது. களை எடுக்கவும் குருவி விரட்டவும் ஒருவர் கூடப் போக வேண்டும். அது திரும்பி வருவதற்கு ஒருவர் இங்கே கூலி சம்பாதித்துப் புண்ணாக்கு வாங்கிப் போட வேண்டும். இப்படியாக அவர்கள் வருஷத்தில் பாதிதான் சேர்ந்து குடித்தனம் பண்ணினார்கள். ரயில்வே கேட்டில் நிலம் அரக்கோணம் வண்டிக்காக நின்று, அது போன பிறகே கடக்கும் என்பதால் ரயில் கம்பெனிக்காரர்கள் அதைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. கர்ணம் சுப்பராயன் தணிக்கைக்கு வந்தால், குழியைச் சுற்றி அளந்து பார்த்துவிட்டு, "நிலம்: வெளியூர். பயிர்: கேழ்வரகு. தீர்வை: உண்டு" என்று எழுதிக்கொண்டு போவார்.

1918இல் மழை எங்குமே சரியாக இல்லை. சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்ததால் பண்டம் எல்லாம் விலை ஏறி, புண்ணாக்கை மாட்டுக்கே காட்ட முடியாமல் இருந்தது. நிலம் ஆடியிலேயே கிளம்பிவிட்டது. ரங்கம்மாளுக்கு அப்போது ஐந்தாவது மாதம். அதற்கு முன் இரண்டு முறை கலைந்திருந்ததால் காசிநாதன் போக வேண்டாம் என்று கெஞ்சினான். "நெலத்தைத் தனியா அனுப்பினா பயிரைக் குருவி தின்னுட்டு வெறும் தாளோட வரும். அப்புறம் பொறக்கறதுக்கு நீ இன்னாத்தை ஊட்டுவ?" என்று கேட்டு, பழைய கோணி ஒன்றையும் ஒரு சட்டியையும் எடுத்துக்கொண்டு அவள் ஏறிக்கொண்டாள். பிரசவத்துக்கு முன்னால் நிலம் வீடு வந்து சேர வேண்டும் என்பதைத் தவிர காசிநாதனுக்கு அந்த வருஷம் வேறு நினைப்பு இல்லை.

தவறு அங்கேதான் நடந்தது. புண்ணாக்கு வாங்க முடியாத கவலையை அவன் தன்னோடு வேலை செய்யும் முனீர் அகமதிடம் சொன்னான். தோலிலிருந்து தட்டிய உப்புத்தூளும், சுண்ணாம்புக் குழியிலிருந்து வழித்த மயிரும் ஷாப்புக்குப் பின்னால் மலை மாதிரி கிடந்தன. "மயிரு நல்ல எருதான், தோஸ்த். காசும் கேக்க மாட்டாங்க. எதுக்குப் பேஜார் பண்ணிக்கிற?" என்றான் முனீர். இரண்டு பேரும் வண்டி வண்டியாக அள்ளி வந்து குழியை நிரப்பினார்கள். கார்த்திகை பிறந்ததும் நிலம் வந்தது. நடுவில் ரங்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிலம் குழிக்கு மேலே வந்து இறங்கி, அடிமண் பட்டதும், நெருப்பை மிதித்த கால் மாதிரி துள்ளி எழுந்தது.

"இன்னாய்யா போட்டு வெச்சிருக்க? குந்த மாட்டேங்குதே!"

"எருதான்... ஷாப் எரு."

"உப்பும் சுண்ணாம்பும் எருவா? புத்தி கீதா உனக்கு?"

நிலம் திரும்ப ஆரம்பித்தது. காசிநாதன் வரப்பைப் பிடித்து ஒரு காலை மேலே போட்டுவிட்டான். ரங்கம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "நீயும் ஏறிக்கினா குழியை யாரு சுத்தம் பண்றது? எறங்குய்யா. எனக்கு இன்னும் நாள் கீது." இதைச் சொல்லும்போது அவளுக்கு வலி வந்து போனதை அவன் பார்த்தான். இருந்தும் இறங்கினான். இறங்கியதற்காக ஊரில் சிலர் அவனைப் பேசினார்கள்.

அன்றைக்கே அவனும் முனீரும் குழியைச் சுரண்டத் தொடங்கினார்கள். உப்பு இறங்கியிருந்த மண்ணை எல்லாம் வெட்டி எடுத்தார்கள். முனீரின் மனைவி அக்தரி பேகம் ரொட்டி சுட்டு அனுப்பினாள், கூடவே தன் புருஷனுக்கு நாலு திட்டும் சொல்லி அனுப்பினாள். ஏரி காய்ந்து கிடந்ததால் வண்டல் கிடைத்தது. அதன்மேல் தூவப் புண்ணாக்கு இல்லை. அப்போதுதான் காசிநாதனுக்கு ஆவாரம் செடி ஞாபகம் வந்தது. ஷாப்புக்குப் பட்டை உரிப்பவர்கள் கரட்டுமேட்டில் தழையையெல்லாம் கழித்துப் போட்டுவிட்டுப் பட்டையை மட்டும் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்தத் தழை யாருக்கும் வேண்டாத தழை. அவன் அதைக் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து, மஞ்சள் பூ ஒட்டியிருந்தபடியே, வண்டல்மேல் மெத்தை மாதிரி பரப்பி, கிணற்றுத் தண்ணீர் தெளித்து மிதித்தான். இதற்கு நடுவில் பள்ளிகொண்டாவிலிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர், ஆற்றோரம் ஒரு நிலம் நின்றுகொண்டிருந்ததாகவும், அதன்மேல் மட்டும் மழை பெய்ததாகவும், மழைக்குள் பச்சைக் குழந்தை அழுத சத்தம் கேட்டதாகவும் சொல்லிவிட்டு, மூக்குப்பொடி வாங்கிக்கொண்டு போனார். தாயைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. காசிநாதன் அதற்குப் பிறகு ஷாப்புக்குப் போகவில்லை. குழிக்குள்ளேயே உட்கார்ந்து தழை காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

நிலம் மார்கழியில் ஒரு மத்தியானம் வந்தது. குழிக்கு மேல் வெகுநேரம் நின்றது. பிறகு, வெந்நீரில் கால் வைத்துப் பார்ப்பவர்களைப்போல் வடமேற்கு மூலையை மட்டும் இறக்கியது. எடுத்துக்கொண்டது. மறுபடி இறக்கியது. ஆவாரந்தழை நசுங்கும் வாசனை ஊர் முழுக்க எழுந்தது. மற்ற மூன்று மூலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, வரப்போடு வரப்பு பொருந்தியது. அறுத்துக் கட்டிய கேழ்வரகுத் தாளுக்கு நடுவில் கோணி விரித்து ரங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பெண் குழந்தை.

"எழுந்து நிக்க முடியல. வந்து புடி" என்றாள்.

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "கையெல்லாம் ஆவாரங்கறை, ரங்கம்மா."

"புள்ளைக்கு அந்த வாசனை பழகட்டும். கழுத்தைத் தாங்கிப் புடிய்யா, மூட்டை தூக்கற மாதிரி தூக்காதே."

குழந்தைக்குப் பச்சையம்மாள் என்று பெயர் வைத்தார்கள். பிறந்த ஊர் எது என்று சுப்பராயன் கேட்டதற்கு ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் சற்று யோசித்து, "மேற்படி நிலம்" என்று எழுதிக்கொண்டார். ஆவாரந்தழை ஒத்துக்கொண்டது என்று தெரிந்ததும் மற்றவர்களும் தங்கள் நிலத்துக்குப் போட்டார்கள். அவர்களுடைய நிலங்கள் எங்கும் போகவில்லை, ஆனால் விளைச்சல் பரவாயில்லாமல் இருந்தது. புண்ணாக்குச் செலவு நின்றாலும் விதைக்கும் ஏருக்கும் தீர்வைக்கும் காசு வேண்டியிருந்தது, குழிக்குத் தழை போடவும் ஆள் வேண்டியிருந்தது. ஆகையால் காசிநாதன் பழையபடி ஷாப்பிலும் ரங்கம்மாள் நிலத்திலுமாகவே இருந்தார்கள். மழை கண்ட வருஷங்களில் நிலம் வீட்டோடு இருக்கும். அந்த வருஷங்களில் ரங்கம்மாள் கொஞ்சம் பூசினாற்போல் ஆவாள்.

1934இல் தோலுக்கு வெளிநாட்டில் கேட்பார் இல்லாமல் போய், நிசார் அஹமது சாயபு தோல் ஊறவைக்கும் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் காயவிட்டார். கேழ்வரகு விலை பாதிக்கு இறங்கியது. மழையும் வரவில்லை. பச்சையம்மாளை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆடி மாதம் வரப்பு லேசாக நடுங்க ஆரம்பித்ததும் அவள் கரட்டிலிருந்து முதல் கட்டுத் தழையைக் கொண்டுவந்து இறக்கி, "குழியை நான் பார்த்துக்கறேம்பா. இங்க கூலியும் இல்ல ஒண்ணும் இல்ல, நீ யாருக்காக நிக்கற? ஏறு" என்றாள்.

காசிநாதன் ஏறினான். எங்கே உட்காருவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ரங்கம்மாள் கிழக்கு வரப்பில் நகர்ந்து இடம் விட்டாள். "ஆத்துல எறங்கறப்ப கொஞ்சம் ஆடும், என்னைப் புடிச்சிக்க" என்றாள். நிலம் எழும்பி, உதறிக்கொண்டு, வழக்கமான வேகத்தில் புறப்பட்டது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் நின்றது. கேட்காரர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, இந்த வருஷம் ஜோடியா?"

"ஆமாங்க. களை எடுக்க ஆள் கெடைச்சிட்டாரு."

அரக்கோணம் வண்டி போன பிறகு அவர் கேட்டைத் திறந்துவிட்டார். நிலம் தண்டவாளத்தைத் தாண்டி, மழை பெய்யும் பக்கம் போயிற்று.