ஐந்தாவது மீன்

திங்கட்கிழமை காலை ஐந்தாவது மீனும் மிதந்தது. மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து வந்திருந்த அஜிதா, சேலையைக்கூட மாற்றாமல், தேயிலை வடிகட்டியால் அதை அள்ளி எடுத்தாள். ஆறில் எஞ்சியது ஒன்று. அந்த நீல மீன் மூலையில் ஒதுங்கி, துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு மூச்சு வாங்கியது.

எட்டு மாதங்களுக்கு முன், குவைத்துக்குத் திரும்பும் வாரத்தில்தான் அவள் கணவன் பிரபின் அந்தக் கண்ணாடித் தொட்டியை வரவேற்பறையில் வைத்தான். "கடல் மீனு. எதையும் தாங்கும். தீனி மட்டும் போட்டாப் போதும்" என்றான், போய்விட்டான். தீனியை அஜிதா போட்டாள். தண்ணீர் குறைந்தபோதெல்லாம் மாமனார் மத்தியாஸ் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து ஒரு கேன் கடல்நீர் கொண்டுவந்து ஊற்றினார். முட்டுவலியால் படகை விட்ட அவருக்கு அது ஒன்றே வேலை.

"என்ன மத்தியாஸ், கடலை வீட்டுக்குக் கொண்டு போறியா?" என்று துறைமுகத்தில் கேட்பார்கள்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான். வெளியே சொல்லிராத மக்கா."

வடிகட்டும் கருவியை யாரும் கழுவவில்லை. கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் படிந்ததை அஜிதா தூசி என்று எண்ணித் துடைத்துவந்தாள்.

அன்று அவள் உறங்கவில்லை. எஞ்சிய மீனைத் தொட்டி நீரோடு மூடி போட்ட வாளியில் எடுத்துக்கொண்டு, குளச்சலில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் வினோஜிடம் போனாள். அவன் நீரில் ஒரு துளியைக் கருவியில் விட்டுப் பார்த்தான்.

"கடலைவிட இதுல உப்பு கூடுதல், அக்கா. கொறையும்போது என்ன ஊத்துவீங்க?"

"கடல் தண்ணி. மாமா கொண்டு வருவாங்க."

"தண்ணிதானே ஆவியாப் போவும்? உப்பு உள்ளயே கிடக்குமில்லா? அதுக்கு மேல பின்னயும் உப்பா? கிணத்துத் தண்ணியில்லா ஊத்தணும்."

அஜிதா வாளியையே பார்த்தாள். பிறகு, "இது பொழைக்குமா?" என்று கேட்டாள்.

"உப்பை மெல்ல மெல்லக் கொறச்சாப் பொழைக்கும். நாலஞ்சு நாளு கூடவே இருந்து பாக்கணும்."

"என்னால ஏலாது. நீயே வச்சுக்க."

மாலையில் பிரபின் வீடியோவில் அழைத்தான். "ஏட்டி, தொட்டியக் காட்டு பாப்போம்."

அவள் காட்டினாள், நடந்ததையும் சொன்னாள்.

"அஞ்சும் போச்சா? எதையும் தாங்கும்னுல்லா கடக்காரன் சொன்னான்!"

"தாங்கிச்சு. அதனாலதான் சாவுறதுக்கு எட்டு மாசம் ஆச்சு."

"ஒனக்கு வாய் கூடிப்போச்சு. லீவுக்கு வரும்போது வேற வாங்குவோம்."

"அங்கேருந்து வந்து பில்டரைக் கழுவுவீங்களா?"

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவளுக்கு அன்று முழுவதும் பாரமாக இருந்தது.

மறுநாள் காலையில், வழக்கம்போலக் கேனோடு வந்த மத்தியாஸ் காலித் தொட்டியின்முன் நின்றார். அஜிதா உப்பின் கணக்கை ஒளிக்காமல் சொன்னாள்.

"கடல்தண்ணி கடல்மீனைக் கொல்லுமா, மோளே?"

"நான் கேட்டுத் தெரிஞ்சிருக்கணும், மாமா. யாருமே கேக்கல்ல."

முப்பது ஆண்டு கடலில் கிடந்த மனிதர் கேனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். தென்னையின் அடியில் அதைக் கவிழ்த்தார்.

"தெங்குக்கு ஒண்ணும் ஆவாது. எதையும் தாங்கும்" என்றார், அவளைப் பாராமல்.

"தாங்கும் மாமா" என்றாள் அஜிதா. "ஆனா தினமும் ஊத்தாதீங்க."