மூன்று முறை திருப்பி அனுப்பலாம்

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் பேய் சார். பேய்க்கதைப் பிரிவைப் பார்க்கிறவன் என்பதால் வந்த பெயர். முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான், யாரும் கேட்காமலே. யார் வேண்டுமானாலும் கதை எழுதிப் போடக்கூடிய இணையதளம் அது. ஒரு நாளைக்கு அறுநூறு அத்தியாயம் வந்து விழும். கிணறு, பாழடைந்த பங்களா, கண்ணாடிக்குள் தெரியும் இன்னொரு முகம் என்று ஆறு வருஷமாகப் படித்துப் படித்து, பயம் என்ற ஒன்றே அவனுக்கு மரத்துப் போயிருந்தது. அந்தத் திங்கட்கிழமை வரைக்கும்.

அன்றைக்குக் குடும்பக்கதைப் பிரிவைப் பார்க்கிறவருக்குக் குடல்வால் ஆபரேஷன். அந்தப் பிரிவை ஒரு வாரத்துக்கு இவன் தலையில் கட்டினார் மேடம்.

"மேடம், நான் பேய் மேடம். குடும்பமெல்லாம் எனக்கு வராது."

"எல்லாம் ஒண்ணுதான்பா. இதுல பேய் உசிரோட இருக்கும், அவ்வளவுதான்."

குடும்பக்கதைகள் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று வீட்டில் அடிக்கடி பீற்றிக்கொண்டவன் அவன். அந்தப் பீற்றலை நம்பி ஒருத்தி அங்கே எட்டு மாதமாகத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தாள் என்பது பதினோரு மணிக்குத் தெரிய வந்தது.

கதையின் பெயர், 'மூணாம் மாடி, இடது பக்கக் கதவு'. எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் 'அரைக்கதைக்காரி'. வந்திருந்தது இருபத்து நாலாம் அத்தியாயம், வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு வெளியாக வேண்டியது. நாயகியின் கணவனுக்கு ஒரு பழக்கம். விருந்தாளி முன்னால் அவள் எதைச் சொல்ல வாயெடுத்தாலும், "இரு இரு, அது அப்படி இல்ல, நான் சொல்றேன்" என்று பிடுங்கிக்கொண்டு, அவளைவிட நன்றாகச் சொல்லி முடித்துவிடுவான். படித்துச் சிரித்தான் பேய் சார். நல்ல பாத்திரம், இப்படி ஒரு ஆசாமி எல்லா வீட்டிலும் இருப்பான் என்று நினைத்துக்கொண்டான். அடுத்த பத்தியில் குளியலறைக் கதவு வந்தது, கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் சாத்திக்கொள்கிற கதவு. அதற்கடுத்த பத்தியில் ஒரு சின்னப் பெண், தலையணையின் ஒரு மூலையை விரலால் உருட்டிக்கொண்டே தூங்குகிறவள், அந்த மூலைக்குக் 'காது' என்று பெயர் வைத்திருப்பவள்.

அவன் வீட்டுச் சின்னதும் அதே மூலையை அதே பெயர் சொல்லித்தான் தேடும்.

மதியச் சாப்பாட்டுக்கு எழாமல் முதல் அத்தியாயத்திலிருந்து படித்தான். முதல் அத்தியாயத்தில் நாயகியின் அப்பா சாகிறார். காரியமெல்லாம் முடிந்து துக்கம் கேட்க வந்தவர்களிடம், அப்பா கடைசியாகத் தண்ணீர் கேட்டதை அவள் சொல்லத் தொடங்குகிறாள். கணவன் குறுக்கே வருகிறான். எவ்வளவு உருக்கமாகச் சொல்கிறான் என்றால், கேட்டவர்கள் எல்லோரும் அழுகிறார்கள், அவனைத் தட்டிக்கொடுக்கிறார்கள். அப்பாவைப் பறிகொடுத்தவள் எழுந்து போய் டம்ளர் கழுவுகிறாள்.

அன்றைக்குத் தட்டிக்கொடுத்த கைகள் பேய் சாருக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. டம்ளர் சத்தம்தான் ஞாபகத்தில் இல்லை.

இருபத்து நாலாம் அத்தியாயத்தின் கடைசியில் அவள் வீட்டை விட்டுப் போகிறாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மகளுக்குப் பரீட்சை முடிகிறது. நாலரை மணி பஸ்ஸில், இரண்டு பைகளோடு, தங்கச்சி ஊருக்கு. கணவன் ஆபீசிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது வீடு காலி.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் முதல் வேலையாகப் பரண்மேல் பார்த்தான். இரண்டு பைகளும் பரணில் இல்லை. கட்டிலுக்கடியில், துடைத்துச் சுத்தமாக.

நேரே கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவனுக்கும் தோன்றியது. கேட்டால், "எப்படித் தெரியும்?" என்பாள். அவள் ஒரு கதையை முடிக்கிற ஒரே இடம் உலகத்தில் அதுதான், அங்கேயும் இவன் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று தெரிந்தால், இரண்டு பை மூன்றாகும். அதனால் பிழைதிருத்துகிறவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு யோசனை அவனுக்குத் தோன்றியது. வாழ்க்கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அத்தியாயத்தைத் திருத்துவோம்.

தளத்தின் விதி இது. ஓர் அத்தியாயத்தைத் 'திருத்தம் தேவை' என்று மூன்று முறை திருப்பி அனுப்பலாம். அதற்குமேல் ஒன்று ஏற்க வேண்டும், இல்லை நிராகரிக்க வேண்டும். அனுப்புகிறவர் பெயர் போகாது, 'ஆசிரியர் குழு' என்றுதான் போகும். ஒரே ஆள் குழுவாக இருப்பதில் உள்ள சௌகரியத்தை அவன் அன்றுதான் உணர்ந்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் முறை அனுப்பினான். 'கணவன் பாத்திரம் ஒருதலைப்பட்சமாக உள்ளது. அவனிடம் ஒரு நல்ல குணமாவது காட்டினால் கதையின் நம்பகத்தன்மை கூடும்.'

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'ஐயா, தங்கள் ஆலோசனைக்கு நன்றி. நானும் உட்கார்ந்து யோசித்தேன். ஒன்று சேர்த்திருக்கிறேன். அவன் குறட்டை விடமாட்டான்.'

பதினோரு வருஷத் தாம்பத்தியத்தில் தேறியது ஒரு மூக்கு.

சரி, நல்ல குணம் இல்லையென்றால் உண்டாக்கித்தானே கொடுக்க வேண்டும் என்று சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்குப் போனான். பாத்திரம் தேய்த்தான். குளியலறைக் கதவைக் கழற்றினான். மறுபடி மாட்ட வரவில்லை. மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?"

"ஏன், வீட்டு வேலை செஞ்சா பிரச்சினையா?"

"இல்ல, கதவு இல்லாம இனிமே எப்படிக் குளிக்கிறதுன்னு கேட்டேன்."

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு அக்கா வந்தார். போன வாரம் லிஃப்டில் மாட்டிக்கொண்டாயாமே என்று மனைவியிடம் கேட்டார். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். இன்றைக்கு உயிரே போனாலும் வாயைத் திறப்பதில்லை.

"அதை ஏன்க்கா கேக்கறீங்க. நானும் யாரோ ஒரு ஆளும். அவர் கையில பெரிய சுவர்க்கடிகாரம். லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. நாப்பது நிமிஷம்..."

சொல்லிக்கொண்டே அவனைப் பார்த்தாள். எங்கே குறுக்கிடப்போகிறான் என்று பதினோரு வருஷமாகப் பழகிய பார்வை. அவன் குறுக்கிடவில்லை. அவள் ஒரு வாக்கியம் சொன்னாள், நிறுத்தினாள், மறுபடி பார்த்தாள். படிக்கட்டில் இன்னொரு படி இருக்கிறது என்று காலை நீட்டி ஏமாந்தவள் மாதிரி தடுமாறினாள்.

"உடம்பு சரியில்லையா உங்களுக்கு? வாயே திறக்கலை. சரி, நீங்களே சொல்லுங்க, நீங்க சொன்னாதான் நல்லாருக்கும்."

"இல்ல, நீயே சொல்லு."

"சும்மா சொல்லுங்க தம்பி," என்றார் மாடி வீட்டு அக்கா.

சொன்னான். கால் மணிக்கொருதரம் கடிகாரம் அடித்ததை, ஒவ்வொரு அடிக்கும் அந்த ஆள் மன்னிப்புக் கேட்டதைக் குரல் மாற்றி நடித்துக் காட்டினான். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். லிஃப்டில் இருந்தது மனைவி. அவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

அவள் டீ போட உள்ளே போனாள். அவன் தன் வாயிலேயே ஒரு அடி போட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தான். அக்கா எதிரிலேயே இருந்தார்.

புதன்கிழமை இரண்டாம் முறை. 'நாயகி கிளம்புமுன் கணவனிடம் ஒருமுறையாவது மனம்விட்டுப் பேசலாமே?' பதில், 'நேற்றுப் பேச ஆரம்பித்தாள் ஐயா. முடித்தது அவன். அந்தக் காட்சியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறேன்.' லிஃப்ட், கடிகாரம், மாடி வீட்டு அக்கா, எல்லாம் அப்படியே இருந்தன. அவன் குரல் மாற்றிப் பேசியதுகூட. வெட்டுவதற்கு ஒரு வரி கிடைக்குமா என்று தொழில் கண்ணோடு தேடினான். நன்றாக எழுதியிருந்தாள், பாவி.

வியாழக்கிழமை மூன்றாம் முறை. இலக்கியமெல்லாம் போய்க் கெஞ்சலாகிவிட்டது. 'நாயகி ஒரு வாரம் கழித்துப் போகக் கூடாதா? வாசகர்கள் இன்னும் தயாராகவில்லை.'

இந்த முறை பதில் வரச் சாயங்காலமாகிவிட்டது.

'ஐயா, மூன்று முறை திருப்பிவிட்டீர்கள். வாசகர்கள் தயாராகத்தான் இருக்கிறார்கள், நான்தான் இல்லை. இது வெறும் கதை இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தானாகப் போகத் தைரியம் கிடையாது. முதலில் அவள் போகட்டும், பின்னாலேயே நான் போய்விடுவேன். நாளைக்கு இந்த அத்தியாயம் வராவிட்டால் நான் வாழ்நாள் பூராவும் அந்த வீட்டில்தான் இருப்பேன். தயவுசெய்து விடுங்கள்.'

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தார்கள். "ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான். "சொல்லுங்க" என்று அவள் நிமிர்ந்தபோது, "உப்பு" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை மேடம் முன்னால் போய் நின்றான்.

"மேடம், ஒரு கதைல வர்ற ஆள் நிஜமான ஆளா இருந்தா நிராகரிக்கலாம்ல?"

"நிஜ ஆளே வந்து புகார் குடுத்தா பார்க்கலாம். படிவம் இருக்கு. என்னென்ன உண்மைன்னு அவர் எழுதணும், அது அப்படியே எழுதினவங்களுக்குப் போகும். யார்ப்பா அது, பெரிய புள்ளியா?"

"இல்ல மேடம். சின்னப் புள்ளிதான். சொல்லப்போனா பூச்சி."

இடத்துக்கு வந்து படிவத்தைத் திறந்தான். அடியில் 'நிராகரிக்கக் கோருகிறேன்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் அத்தியாயம் நிற்கும், அவள் நிற்பாள், பைகள் பரணுக்குப் போகும். வாழ்நாள் பூராவும் என்று அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். மத்தியானம் வரை அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்னதுக்குப் பரீட்சை முடிகிற நேரம் தாண்டியது. அவளை நிறுத்திவைத்தால் யார் அந்த வீட்டில் இருப்பார்கள் என்று யோசித்தான். டம்ளர் கழுவுகிற ஒருத்தி இருப்பாள். கடைசி வரி வரைக்கும் வந்துவிட்டவளை இப்போதும் கையமர்த்தி உட்கார வைத்தால் அதைவிடக் கேவலம் வேறு கிடையாது.

மூன்றரைக்கு அத்தியாயத்தை ஏற்றான். ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை.

பிறகு படிவத்தையும் நிரப்பினான். 'அந்தக் கணவன் நான்தான். கதையில் உள்ளவை உண்மை' என்று தொடங்கி, அப்பாவின் சாவிலிருந்து லிஃப்ட் வரை ஐந்து சம்பவங்களை வரிசையாக எழுதினான். 'கோரும் நிவாரணம்' என்ற கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்று போட்டான். இரண்டு முறை தப்பாக அடித்துத் திருத்தினான். அனுப்பினான்.

நாலு மணிக்கு அத்தியாயம் வெளியானது. நாலு பத்துக்கு அவனுக்குப் பதில் வந்தது. 'ஆசிரியர் குழுவுக்கு' என்று தொடங்கி, அதை அழிக்காமலேயே அடுத்த வரியில் மாறியிருந்தது.

'என்னங்க, நீங்கதானா. பஸ் ஸ்டாண்டுல உக்காந்து படிச்சேன். அஞ்சு எழுதியிருக்கீங்க. அஞ்சும் என் கதையில இருக்கு. அதைப் பாத்துதானே எழுதியிருக்கீங்க? நான் கதையில போடாதது எவ்வளவோ இருக்கு. நான் சொல்ல வந்து நீங்க நிறுத்தினதுல ஒண்ணே ஒண்ணு, நான் எழுதாதது, நீங்களா சொல்லுங்க. சொன்னா ஏறாம திரும்பிடுறேன். பஸ் நாலரைக்கு.'

இருபது நிமிஷம்.

நினைவைப் போட்டுத் துழாவினான். கல்யாணமான புதிதில் அவள் தங்கச்சி வீட்டில் ஒரு விருந்து. அவள் என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். எதைப் பற்றி? அங்கே தான் சொன்ன ஜோக் ஞாபகம் வந்தது, சிரித்தவர்கள் முகம்கூட வந்தது. ஆஸ்பத்திரியில் சின்னது பிறந்த அன்று நர்ஸிடம் அவள் ஏதோ சொன்னாள். அவன் அதைத் திருத்தினான். திருத்தியது நினைவில் இருந்தது. எதைத் திருத்தினான்? பதினோரு வருஷத்தில் எங்கே கை வைத்தாலும் அவன் குரல்தான் கேட்டது. போன் போட்டான். அவள் எடுக்கவில்லை. நாலு இருபத்தொன்று. பக்கத்து இருக்கைக்காரர், "பேய் சார், வேர்க்குது உங்களுக்கு, ஏசியைக் கூட்டட்டுமா?" என்றார்.

நாலு இருபத்தாறு. ஒன்றை ஜோடித்துவிடலாம். மழை பெய்த ஒரு நாள், நீ உன் பள்ளிக்கூடத் தோழியைப் பற்றிச் சொல்ல வந்தாய் என்று ஆரம்பித்தால் கை தானாக எழுதிவிடும். அவளுக்கே நடந்த மாதிரி இருக்கும். அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். மூன்று வரி அடித்தும்விட்டான். நன்றாகத்தான் வந்திருந்தது. எப்போதும் போல, அவளைவிட நன்றாக.

அழித்தான்.

'ஞாபகம் வரலை. ஜோடிச்சு எழுதப் பாத்தேன். எழுதலை. பாத்துப் போ' என்று அடித்து நாலு இருபத்தொன்பதுக்கு அனுப்பினான்.

நாலு நாற்பதுக்கு அவளிடமிருந்து ஒரு வரி. 'ஜோடிக்காததுக்கு நன்றி. ஜன்னல் சீட் கிடைச்சுது.'

மேடம் கண்ணாடித் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார். "பேய் சார், அந்த மூணாம் மாடிக் கதைக்குக் கருத்து குவியுது பாரு. கொஞ்சம் கவனிச்சு விடுப்பா."

பார்த்தான். 'சபாஷ் தாயே, போய்ட்டே இரு.' 'இப்பவாவது கிளம்பினியே.' 'அந்த ஆளு வீட்டைத் திறந்து பாக்குறப்ப மூஞ்சி எப்படி இருக்கும்னு எழுதுங்க அக்கா.' கடைசியாகச் சொன்னதை யாரோ அநாகரிகம் என்று புகார் செய்திருந்தார்கள், அவன் முடிவு சொல்ல வேண்டியிருந்தது.

இதில் அநாகரிகம் ஒன்றுமில்லை என்று குறிப்பு எழுதிவிட்டு, அடுத்த கருத்துக்குப் போனான். இன்னும் இருநூற்றுப் பதினேழு இருந்தன. எல்லாவற்றையும் முழுசாகப் படிப்பது என்று உட்கார்ந்தான்.