காடி வெட்டிய சுவர்

உளியை வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தார் நல்லதம்பி. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது.

டொக்.

அண்ணன் பெரியகருப்பனின் கைத்தடி அது. வாதத்தில் இடப்பக்கம் விழுந்து மூன்று மாதமாகப் படுக்கை; ஆஸ்பத்திரியிலும் கைவிரித்துவிட்டார்கள். ஆனாலும் அந்த ஒற்றை வலக்கையைக் கட்டிப்போட எமன் இன்னும் இரண்டு ஆள் கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்று ஊரில் பேச்சு.

சுவர் அண்ணனுடையது. அதில் சாய்த்து இறக்கிய ஓட்டுச் சாய்ப்பு தம்பியுடையது. ஓடும் சுவரும் சேருகிற இடுக்கில் ஒவ்வொரு ஐப்பசியிலும் நல்லதம்பி சிமெண்ட் அப்புவார். சித்திரை வெயிலில் அது வாய் பிளக்கும். போன மழையில் விதைக்கடலை மூட்டைக்குள்ளேயே முளைத்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் களையெடுக்கவே ஆள் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று திருவரங்குளம் கடைவீதிவரை சொல்லிச் சிரித்தார்கள்.

சுவரில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, தகரத்தைச் செருகி, ஓட்டின்மேல் மடித்துவிட்டால் தீர்ந்தது. "எனக்கு உசுரு இருக்கவரைக்கும் எஞ் செவுத்துல உளி படாது" என்று அண்ணன் சொன்னார். அன்றோடு பேச்சு நின்று பதினோரு வருடம்.

இன்று புயல் என்றது டிவி. மணமேல்குடிப் பக்கம் வானம் அடுப்படிச் சட்டியாய்க் கறுத்திருந்தது. காலையிலிருந்து ஒரு காக்கை கத்தவில்லை.

"வேணாங்க. படுத்துக்கெடக்க மனுசன் தலைமாட்டுல இடிக்கிறீங்களே," என்றாள் ஏணியைப் பிடித்திருந்த மனைவி ராஜலட்சுமி.

"மனுசனையா இடிக்கிறேன்? செவுத்தத்தான இடிக்கிறேன்."

ஒவ்வொரு அடிக்கும் தடி ஓர் அடி கொடுத்தது. பிறகு குழறலாக ஒரு குரல்.

"மூக்காயி, அந்தச் செவுத்துக்கிட்டச் சொல்லு. ரெண்டு வெரக்கட ஆழம் வெட்டணும். இல்லாட்டித் தகரம் பறந்துபோயி கொடும்பாளூர்ல விழும். கூறுகெட்ட பய."

நல்லதம்பிக்கு வந்த சிரிப்பில் ஏணி ஆடியது. "செவுத்துக்கு நல்லாவே காது கேக்குதுன்னு சொல்லுங்க மதினி!"

டொக்.

ஆழமாக அடித்தார்; தடி பதில் சொன்னது. அடித்தார், சொன்னது. அடித்தார்.

ஒன்றும் இல்லை.

"பாத்தியா, அடங்கிட்டாரு!" என்று இன்னொன்று ஓங்கிப் போட்டார். பழைய மண்சுவர். உளி பிடிவரை உள்ளே போனது. கையகலத்துக்கு மண் அந்தப் பக்கம் பொலபொலவென்று சரிந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் மூக்காயியின் அலறல் வந்தது.

ராஜலட்சுமி ஏணியை விட்டுவிட்டு ஓடினாள். நல்லதம்பி ஓட்டையில் கண்ணை வைத்தார். அண்ணனின் நெற்றியில் மண் விழுந்திருந்தது. மூக்காயி அதை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டையை அடைக்கக் கூப்பிட்டதும் கொத்தனார் பிச்சைமுத்து வந்து பார்த்தார். "பங்காளித் தீட்டுங்க. கருமாதி முடியிறவரைக்கும் அந்தச் செவுத்துல ஆணி அடிக்கக்கூடாது, சாந்து தொடக்கூடாது," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மழை அதற்காகவே காத்திருந்ததுபோல இறங்கியது. சுவரில் வழிந்த தண்ணீரெல்லாம் காடிக்குள் ஓடி ஓட்டைக்குத் திரும்பியது.

"பெரியவுக மூஞ்சிமேல விழுதுங்க!" ராஜலட்சுமி உள்ளேயிருந்து கத்தினாள்.

நல்லதம்பி தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். அடிக்கத்தானே கூடாது. ஓட்டையின்மேல் அதை வைத்து இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டார். விளிம்பு கையை அறுத்தது.

"தம்பி, எறங்கி வாங்க," என்று கூப்பிட்டாள் மூக்காயி. "அவுகளத் தள்ளிப் படுக்க வச்சாச்சு. ஒழுகுற எடத்துல குண்டானும் வச்சுட்டோம்."

அவர் இறங்கவில்லை. அந்தப் பக்கம் குண்டானில் சொட்டு விழுந்தது.

டொக்.

தகரத்தை இறுக்கி அழுத்தினார். சத்தம் நின்றது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அவர் காதைச் சுவரோடு ஒட்டி வெகுநேரம் நின்றார்.

பிறகு கையைச் சற்றே தளர்த்தினார்.

டொக்.