கங்கையம்மாளின் இடது தோள்

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலை பதினொரு மணியிலிருந்து கங்கையம்மாளின் இடது தோளில் எந்தச் சேலையும் நிற்கவில்லை. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் குமரகுருவின் பட்டுக்கடையில், கல்யாண வீட்டார் முன்னால் சேலையைத் தன் மேல் போட்டுக் காட்டுவது பதினெட்டு வருஷமாக அவள் வேலை. அன்று மாம்பழ நிறப் பட்டின் முந்தானை, யாரோ தள்ளிவிட்டதுபோல் நழுவி விழுந்தது. வலது தோளில் நின்றது. இடது தோளில் பட்டும் நிற்கவில்லை, அவள் உடுத்தியிருந்த சாதாரண நூல் சேலையும் நிற்கவில்லை. குத்திய ஊக்கு தானாகத் திறந்துகொண்டது. அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. உடம்பில் ஒரு வலியும் இல்லை.

குற்றம் சேலையினுடையது என்று குமரகுரு முடிவு செய்தார். மாம்பழப் பட்டு ஜரிகைப் பரிசோதனைக்குப் போய், வெள்ளியும் தங்கமும் சரியாக இருப்பதாகத் தாளோடு திரும்பியது. ஓர் இழையை எரித்துச் சாம்பலை முகர்ந்து பார்த்தார்கள். நெய்த குப்புசாமியை வரவழைத்து அரைநாள் விசாரித்தார்கள். வாஸ்துக்காரர் கல்லாவைத் திருப்பிப் போட்டார். கோயிலில் சேலையின் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. குருக்கள் நட்சத்திரம் கேட்டபோது, தறியிலிருந்து அறுத்த நாளின் நட்சத்திரத்தைச் சொன்னார்கள். கங்கையம்மாளை மட்டும் யாரும் எந்தப் பரிசோதனைக்கும் அனுப்பவில்லை.

மூன்று வாரம் கழித்து, கடைக்காரர்கள் சேர்ந்து கல்யாண மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் நடத்தினார்கள். ரிப்பன் வெட்டி, பொன்னாடை போர்த்தி, நோய் வருமுன் காப்பது பற்றி ஒன்பது பேர் பேசி முடித்தபோது டாக்டர் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நேரமாகிவிட்டது. எடை பார்க்கும் மெஷினருகே நின்ற கிராம சுகாதார செவிலியர் ஏஞ்சல்தான் கங்கையம்மாளின் முந்தானை மூன்றாவது முறை விழுவதைப் பார்த்தாள்.

“எத்தினி நாளா இப்டிக்கா?”

“மூணு வாரமா. சேல சரியில்லமா.”

“சேல கெடக்குது. மார்ல கட்டி ஏதாச்சும் தட்டுப்படுதான்னு தடவிப் பாத்தியா?”

மறுநாள் குளிக்கும்போது தட்டுப்பட்டது. இடது பக்கம், கொண்டைக்கடலை அளவு. அவள் புருஷன் முனிரத்தினம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்; எதுவும் கெடாமலே மூன்று மாதத்துக்கு ஒருமுறை வண்டியை சர்வீஸுக்கு விடுவான். “வலிக்கவே இல்லியே, அப்புறம் இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி? வலிச்சா பாத்துக்கலாம்” என்றான். குமரகுரு தீபாவளி கழியட்டும் என்றார்.

புரட்டாசியில் வாலாஜாபாத்திலிருந்து வந்த கல்யாணப் பெண் ஒருத்தி, நழுவிய பட்டைப் பார்த்து, “இன்னாக்கா, சேலைக்கு உங்களப் புடிக்கலியா?” என்று கேட்க, கடையே சிரித்தது. கங்கையம்மாளும் சிரித்தாள். பாதியில் அவள் சிரிப்பு நின்றது. சேலையை மடிப்புக் கலையாமல் மடித்துப் பெண்ணின் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்து போன் போட்டாள்.

“ஏஞ்சலு, பயமா இருக்குதுமா.”

“பயந்துக்கினே வாக்கா. பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்.”

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான். ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்று சொன்ன டாக்டர், வலி வரும்வரை காத்திருந்தவர்களைப் பற்றிக் கங்கையம்மாள் கேட்டதும் அடுத்தவரின் சீட்டைக் கையில் எடுத்தார். கட்டியை மட்டும் எடுத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்குச் சென்னை போய்வந்த ஐந்து வாரமும் முனிரத்தினம் ஆட்டோ ஓட்டவில்லை; ஆஸ்பத்திரி வாசலில் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்து, தனக்கு வலிப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். பங்குனியில் அவள் வேலைக்குத் திரும்பினாள். முந்தானை நின்றது.

அதன்பின் கூரத்திலிருந்து வந்த ஒரு டீச்சருக்குச் சேலை நழுவியது. சித்திரையில் குமரகுருவின் மனைவிக்கே நழுவியது. அன்று அவர் இழை எதையும் எரிக்கவில்லை, செருப்பைக்கூடப் போடாமல் காரை எடுத்தார். இப்போது அந்தக் கடையில் சேலை விழுந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கங்கையம்மாள் ஏஞ்சலின் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பாள். சிலர் சேலையை மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போட்டதால், கல்லாவுக்கு மேலே குமரகுரு ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்: நழுவும் சேலைகள் திரும்பப் பெறப்பட மாட்டாது.