பழைய பைத்தானுக்கு இனி ஆதரவு இல்லை

பால்மானியை எழுதியவன் அருள்முருகன். சொசைட்டியில் ஊற்றும் பாலின் கொழுப்பளவைக் கருவியிலிருந்து கணினிக்கு எடுத்துச் சீட்டு அடித்துத் தரும், பைத்தான் என்ற நிரல்மொழியில் ஓடும் மென்பொருள். அவன் வேலை பார்க்கும் மூலக்குளத்துக் கம்பெனி போன வருடம் அந்தப் பொறுப்பை அவனிடமிருந்து எடுத்துச் சத்யாவிடம் கொடுத்தது. பாகூர்ப் பெண். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனிடம்தான் சந்தேகம் கேட்பாள்.

ஞாயிறு மாலை அவள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: 'பால்மானி புதுப் பதிப்பு வந்தாச்சு. பைத்தான் 3.8-க்கு இனி ஆதரவு இல்லை.'

'சத்யா, சூப்பர்மா' என்று முதலாளி போட்டார். அருளுக்கு அவர் ஒருநாளும் அப்படிப் போட்டதில்லை.

அவன் அவள் எழுதிய நிரலைத் திறந்து குற்றம் தேடினான். கிடைத்தது. பழைய பைத்தான் உள்ள கணினியில் புதுப் பதிப்பு ஏறாமல் தடுக்க ஒரு வரி வேண்டும். setup.py என்ற கோப்பில் அது இல்லை. மண்ணாடிப்பட்டு சொசைட்டியில் இன்னும் 3.8தான். காலையில் கணினியைப் போட்டதும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். படுத்துவிடும்.

அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு மண்ணாடிப்பட்டுக்குப் போனான். கணினி நின்றுபோகும் நேரம், சரிசெய்ய அவன் அங்கே இருக்க வேண்டும்.

"இன்னா தம்பி, காலங்காத்தால?" என்றார் செயலாளர் இருசப்பன்.

"சும்மா, பாத்துட்டுப் போலாம்னு."

கணினி நிற்கவில்லை. பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பால் ஊற்ற வந்த காசம்மாளுக்குச் சீட்டு வந்தது, அடுத்தவருக்கும் வந்தது. அருள் போனில் தேடிப் பார்த்தான். தடுக்கும் வரியைச் சத்யா pyproject.toml என்ற வேறு கோப்பில் எழுதியிருந்தாள். இப்போது எல்லோரும் அதில்தான் எழுதுகிறார்கள். அவன் பழைய கோப்பை மட்டும் பார்த்திருந்தான்.

முகம் காந்தியது.

இருசப்பன் கேனைத் தூக்கி வைக்கப் போன நேரம் விசைப்பலகையை இழுத்தான். தடையைக் கண்டுகொள்ளாமல் புதுப் பதிப்பை ஏற்றும் கட்டளையை அடித்தான். ஏறியது. சீட்டு நின்றது.

"இன்னாபா ஆச்சு?" என்றாள் காசம்மாள். "வூட்டுல மாடு கட்டுத்தறியிலயே நிக்குது, சீக்கிரம் அனுப்பு."

"சத்யா புதுசா ஏதோ மாத்திச்சு. அதான்" என்றான் அருள். "இருங்க, நான் சரி பண்ணிடறேன்."

இருசப்பன் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். "அந்தப் பொண்ணுக்கே போட்டுட்டேன். இப்பல்லாம் அதாம்பா பாக்குது." ஸ்பீக்கரை அமுக்கினார்.

"திரையில இன்னா இருக்கு, கடைசியில அடிச்ச வரி எது, படிங்க அண்ணே" என்றது சத்யாவின் குரல்.

அருள் விசைப்பலகைக்குக் கை நீட்டினான். இருசப்பன் அவன் கையைத் தட்டிவிட்டார். "இருப்பா. படிக்கச் சொல்லுது இல்ல?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கூட்டினார்.

"பிப்... இன்ஸ்டால்... கோடு, கோடு... இக்னோர்... ரிக்வயர்ஸ்... பைத்தான்..."

சத்யா அந்த வரியை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"அருள் அண்ணன் அங்க வந்திருக்காரா?"

"இதோ பக்கத்துலதான் நிக்கிறாரு."

"ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டு அவருகிட்ட குடுங்க" என்றாள்.