மூணு தட்டினால்

குடிநீர் ஆபீஸில் அவளுக்கு வைத்திருந்த பெயர் காது. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். தெருவுக்கு அடியில் ஓடுகிற குழாய் எங்கே கசிகிறது என்று கேட்டுச் சொல்வது அவள் வேலை. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, அதன் மேல் நுனியில் கிண்ணம் மாதிரி குடைந்த மரக்கட்டை. கம்பியைத் தரையில் ஊன்றிக் கட்டையில் காதை வைத்தால், நாலடி ஆழத்தில் ஓடுகிற தண்ணீர் பக்கத்து வீட்டுச் சண்டை போலத் தெளிவாகக் கேட்கும். அவள் சுண்ணாம்பில் வட்டம் போட்ட இடத்தைத் தோண்டி ஏமாந்தவர்கள் கிடையாது.

அவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு கேட்கிறது என்று யாரும் விசாரித்ததில்லை. விசாரித்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். எந்தத் தெருவில் கம்பியை ஊன்றினாலும் தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால் அவள் தேடுவது வேறொரு சத்தம். முப்பத்தோரு வருஷமாகத் தேடுகிறாள், கேட்டுவிடக் கூடாதே என்கிற பயத்தோடு.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தங்கை குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் அது கேட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அதே இடத்தில் ஒரு கசிவு ஸ்ஸ் என்று சீறிக்கொண்டிருந்தது. வட்டம் போட்டு, ஆபீஸில் எழுதிக் கொடுத்தாள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது சீறலே இல்லை. காலிப் பானைக்குள் காதை வைத்த மாதிரி இருந்தது.

கிணறு தோண்டுகிற குடும்பத்தில் பிறந்தவள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. நடக்க வருவது மாதிரி அதுவும் வந்துவிடும். தண்ணீர் சத்தம் போடுகிறவரைக்கும் மண் அதை நெருக்கிப் பிடித்திருக்கிறது. சத்தம் அடங்கினால் மண் கரைந்து போய்விட்டது, தண்ணீருக்கு இடம் கிடைத்துவிட்டது. மேலே நாம் நின்றுகொண்டிருப்பது வெறும் ஓடு.

அந்தக் காலி இடத்துக்குள்ளிருந்து டொக், டொக், டொக் என்று மூன்று.

மண்கட்டி உதிர்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மையும் அதுதான். ஆனால் கம்பியைப் பிடித்திருந்த கை அதை ஒத்துக்கொள்ளவில்லை. கிணற்று ஆழத்திலிருந்து கத்தினால் குரல் குழம்பிவிடும் என்பதால், இறங்கியவருக்குக் கடப்பாரைதான் வாய். ரெண்டு தட்டினால் மண் கூடையைத் தூக்கு. மூணு தட்டினால் ஆளைத் தூக்கு. அவளுடைய அப்பா கடைசியாகத் தட்டியதை அவள் மேலே நின்று கேட்டவள்.

கட்டையில் போனை ஒட்டி வைத்துச் சத்தத்தைப் பதிவு செய்தாள். ஆபீஸுக்கு ஓடினாள்.

இன்ஜினியர் நல்ல மனிதர்தான். போனைக் காதில் வைத்துக்கூடப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்தத் தெரு பச்சையாக இருந்தது.

"சத்தம் குறைஞ்சா மெஷின் பச்சை காட்டும்மா. தானா அடைபட்டிருக்கும்."

"எந்தக் குழாய் சார் தானா அடைச்சிக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றதை நான் இல்லேங்கல. ஆனா பச்சையா இருக்கிற இடத்தைத் தோண்ட யார்கிட்ட கையெழுத்து வாங்கறது? திங்கக்கிழமை பெரிய சார் வரட்டும்."

படியில் உட்கார்ந்து அந்தப் பதிவைத் தங்கைக்கு அனுப்பினாள். 'இது உன் வாசல். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடு' என்று எழுதினாள்.

சின்னவள் வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். கைவேலை சுத்தம். ஆனால் எதையும் தன் புத்தியில் முடிவெடுக்க மாட்டாள். பால் கெட்டுவிட்டதா என்று தான் மோந்து பார்த்த பிறகு பக்கத்து வீட்டுக்காரியையும் மோந்து பார்க்கச் சொல்வாள். மகளின் நெற்றி கொதித்தாலும், "சுடுதா பாருங்களேன்" என்று நாலு பேரைத் தொடச் சொல்வாள். இப்போது நாலு பேருக்குப் பதில் போன். கட்டடத்துக்காரர்களின் குழுவில் அக்கா அனுப்பியதைப் போட்டு, 'இது உண்மையா?' என்று கேட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்? ஆளாளுக்குக் கண், காது, மூக்கு வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தச் சத்தத்தோடு ஒரு பெண்ணின் அழுகை சேர்ந்திருந்தது. 'தெருவுக்கு அடியில் ஆவி' என்று தலைப்பு. மறுநாள் காலையில் அதே பதிவு, குறுக்கே சிவப்பு எழுத்தில் 'பொய்' என்று முத்திரையோடு, ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. ஏதோ பேய்ப் படத்திலிருந்து எடுத்ததாம். கட்டடச் செயலாளர் குடிநீர் ஆபீஸின் பச்சைத் தெருவையும் படமெடுத்துப் போட்டு, வதந்தி பரப்புகிறவர்களைக் கண்டித்திருந்தார்.

அழுகை பொய்தான். அதோடு டொக்கும் பொய்யாகிவிட்டது.

காது லீவு சொல்லிவிட்டுக் கம்பியும் கையுமாகத் தங்கை வீட்டுக்குப் போனபோது மணி பதினொன்று. தரைத்தளத்தில் முன்னறை, ஜன்னலோரம் மெஷின். தங்கையின் புருஷன் வேலைக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள். சின்னவள் ஒரு காலரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பொய்னு போட்டுட்டாங்களேக்கா," என்றாள், தலையைத் தூக்காமல். "செயலாளர் சார்கூட..."

காது மெஷினின் நாலு கால்களுக்கும் அடியில் ரப்பர் துண்டு வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்குடி?"

"மெஷின் நடுங்குது. மிதிக்கும்போது காலுக்குத் தெரியுது."

"எப்போலேருந்து?"

"மூணு வாரம் இருக்கும். மெக்கானிக் வந்து பார்த்துட்டு மெஷின் நல்லா இருக்குன்னுட்டாரு. அப்போ என் கால்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்."

வேறு எந்த வீட்டிலாவது இப்படி ஒரு பேச்சு நடக்குமா? தரையே போய்க்கொண்டிருக்கிறது, இவள் தன் காலைச் சந்தேகப்படுகிறாள். அதற்குக் காரணம் யார் என்று காதுக்குத் தெரியும்.

கம்பியைத் தரையில் ஊன்றினாள். "வந்து கேளு."

"எனக்கு வேண்டாம். எனக்குக் காது சரியில்லைன்னு உனக்குத் தெரியாதா? அன்னைக்கு ஊரைக் கூட்டினேனே, மறந்துட்டியா?"

மறப்பதா. பெரியவளுக்குப் பன்னிரண்டு வயசு, சின்னவளுக்கு எட்டு. கிணற்று விளிம்பில் இரண்டு பேரும் நின்றார்கள். கீழே அப்பா தட்டினார். சின்னவள், "மூணு, மூணு" என்று கத்தினாள். வடத்தைப் பிடித்திருந்த மேஸ்திரி, "ரெண்டுதான்" என்றார். "பெரியவளே, நீ சொல்லு" என்று திரும்பி முறைத்தார். கூடை மேலே வந்தது. மண் சரிந்து உள்ளே போனது. அப்பாவை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. ரெண்டுதான் தட்டினார் என்று மேஸ்திரி விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னார், சொந்தக்காரர்கள் சொன்னார்கள், பத்துப் பேர் சொன்ன பிறகு அதுவே நடந்ததாகிவிட்டது. சின்னப் பிள்ளைக்கு என்ன கேட்டிருக்கும் என்று அம்மாகூடத் தலையைத் தடவினாள். அதற்குப் பிறகு சின்னவள் தனக்குக் கேட்டதையும் பட்டதையும் ஒருநாளும் நம்பவில்லை.

"அன்னைக்கு மூணு," என்றாள் காது.

மெஷின் நின்றது.

"எனக்கும் மூணுதான் கேட்டுது. அவரு முறைச்சாரு. பெரியவரு சொன்னா சரியா இருக்கும்னு ரெண்டுன்னு சொல்லிட்டேன். உன் காதுல ஒரு கோளாறும் இல்ல. பொய் சொன்னது நான்."

இதைச் சொன்னால் தங்கையை இழந்துவிடுவோம் என்று முப்பத்தோரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவள். இன்றைக்குச் சொல்லாவிட்டாலும் இழக்கத்தான் போகிறாள், அதுவும் இந்த அறையோடு சேர்த்து. சின்னவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைக் காது தன் ஆயுசுக்கும் மறக்கப் போவதில்லை.

சின்னவள் எழுந்து வந்தாள். கம்பியை அக்காவின் கையிலிருந்து வாங்கி, குனிந்து, கட்டையில் காதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போய் ஓய்ந்தது.

"மூணு," என்றாள்.

செருப்புகூடப் போடாமல் வெளியே போனாள். எட்டு வீட்டுக் கதவையும் அவளே தட்டினாள், ஒவ்வொன்றிலும் மூன்று முறை. செயலாளர் பனியனோடு வந்து, "அது பொய்னு போட்டாச்சேம்மா" என்றார்.

"நான் என் காதால கேட்டேன் சார். இறங்குங்க."

பால் கெட்டுவிட்டதா என்று அவரிடம்கூட ஒருநாள் கேட்டவள் அவள். அவள் இப்படி ஒன்றை அடித்துச் சொல்லி அவர் பார்த்ததில்லை. அதுதான் அவரை உலுக்கியிருக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே மனைவியைக் கூப்பிடப் போனார்.

மூன்று மணிக்கு வாசலும் முன்னறையும் ஒன்றாக உள்ளே போயின. பெரிய சத்தம்கூட இல்லை. தையல் மெஷின், ரப்பர் துண்டு, தைத்து அடுக்கிய சீருடைகள் எல்லாம் போயின. ஆள் ஒருவரும் போகவில்லை.

மகளை அவள் அப்பா பள்ளிக்கூடத்திலிருந்தே அழைத்துக்கொண்டு போய்விட்டார். தெருவைக் கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள். அக்காவும் தங்கையும் எதிர்ப்பக்கத்து நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்றரை மணிக்குப் பிறகு சின்னவள் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தலைமுடியில் மண்தூள். கையில் போன். குழுவில் யாரோ பள்ளத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். அதற்குள் வேறு யாரோ கீழே எழுதிவிட்டார்கள்: 'பழைய வீடியோ. வேறு நாட்டில் நடந்தது. பரப்பாதீர்கள்.' சின்னவள் அதைப் படித்தாள், பள்ளத்தைப் பார்த்தாள், போனை அணைத்து மடியில் கவிழ்த்தாள்.

"அப்பா ஒரு தடவைதான் தட்டினாரா?"

காது இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

"இல்ல. கூடை மேல வர்றவரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தாரு."

"எண்ணினியா?"

"நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் மூணு."

சின்னவள் தலைமுடியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"அஞ்சு," என்றாள். "நாலாவதுக்கு அப்புறம் நீ காதைப் பொத்திக்கிட்ட. அதனால உனக்குக் கேட்டிருக்காது."