ஈரச் சுவருக்கும் சேர்த்து

எங்கள் மருத்துவமனையில் என் ஜன்னலுக்கு மேலே ‘செலவு மதிப்பீடு’ என்று பலகை மாட்டியிருக்கும். பதினாறு வருடமாக அங்கே உட்கார்ந்து நான் செய்த வேலை, உள்ளதைச் சொன்னால், ஆட்களைப் பயமுறுத்தி அனுப்புவதுதான். அறுவை சிகிச்சைச் சீட்டோடு வருவார்கள். இத்தனையிலிருந்து இத்தனை வரை ஆகலாம் என்று எழுதிக் கொடுப்பேன். “வீட்ல கலந்து பேசிட்டு வர்றோம்” என்பார்கள் பாதிப் பேர். அப்புறம் ஆளையே பார்க்க முடியாது.

அந்த பெயின்டர் வந்தது ஒரு திங்கட்கிழமை. விரல் நகமெல்லாம் வெள்ளை பெயின்ட். அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல், எட்டு மாதமாக வலி. வழக்கம்போல, நாற்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை என்று எழுதி நீட்டினேன்.

அவர் நிதானமாகப் படித்துவிட்டு, “இதுல எது மேடம்?” என்றார்.

“அத எப்படிங்க இப்பவே சொல்றது? உள்ள பாத்தாத்தானே தெரியும்.”

“நடுவுல அறுபதாயிரம் கெடக்குதே. எனக்கு அது அரை வருஷச் சம்பாத்தியம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவ உங்க வாசல் வரைக்கும் வந்துட்டு ரெண்டு தடவ திரும்பிட்டா. கத்திக்குப் பயப்படல, பில்லுக்குப் பயப்படுறா. எங்க பக்கத்து வீட்டுல நாப்பதுன்னு நம்பிப் போனவங்க தொண்ணூறு கட்டினாங்க. ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க. பெருசா இருந்தாலும் பரவால்ல, கடன உடன வாங்கிப் பாத்துக்குவேன். ஆனா அது மாறக் கூடாது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு அது எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். “நீங்க மட்டும் சுவத்தச் சொரண்டிப் பாக்காமலே ஒரே நம்பரா சொல்லிடுவீங்களோ?”

“சொல்லிடுவேனே,” என்றார் சாதாரணமாக. “சொரண்டினா ஏதாவது ஒரு வீட்டுல ஈரச் சுவர் வரும். பூச்சு உதிரும், வேல கூடும். எந்த வீடுன்னு முன்னாடியே தெரியாது. ஆனா பத்துல ஒண்ணு அப்படி வரும்னு தெரியும். அதனால பத்து வீட்டு ரேட்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் சேத்துக்குவேன். ஈரம் வந்தா அது என் பாடு. வீட்டுக்காரங்க நிம்மதியாத் தூங்கணும்ல?”

என்னோடு பேசி ஒரு நாளும் ஜெயிக்காத என் கணவர் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பார்.

அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் இரண்டு வருடத்துப் பித்தப்பை ஃபைல்களை எடுத்துப் போட்டேன். நூற்று முப்பத்தேழு பேர். ஏறக்குறைய எல்லோருக்கும் ஐம்பதாயிரத்துக்குள் முடிந்திருந்தது. பன்னிரண்டு பேருக்கு மட்டும் தொண்ணூறைத் தாண்டியிருந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பங்கு போட்டால் ஆளுக்கு ஐம்பத்திரண்டாயிரம். அந்தப் பன்னிரண்டு பேருக்காக மீதி அத்தனை பேர் வயிற்றிலும் புளியைக் கரைத்திருக்கிறேன். என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

நிர்வாகியின் அறையில் மூன்று நாள் மல்லுக்கட்டினேன். எல்லோருக்கும் ஐம்பத்தைந்தாயிரம், பத்து மாதத் தவணை, அதற்கு மேல் ஒரு காசு கூடக் கூடாது என்றேன். “நஷ்டம் வந்தா யாரும்மா பொறுப்பு?” என்று அவர் அதையே பிடித்துத் தொங்கினார். கடைசியில் சர்ஜன்தான் கைகொடுத்தார். “பயந்து பயந்து முத்திப்போய் வர்றாங்க பாருங்க சார், அந்த கேஸ்தான் நமக்குச் செலவு.” சரி, ஆறு மாதம் பார்க்கலாம் என்று நிர்வாகி இறங்கி வந்தார்.

பெயின்டருக்கு நானே போன் செய்தேன். அடுத்த வாரம் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சலவைக் கடையில் துணி தேய்க்கிற பெண். ஒல்லியான உடம்பு, பெரிய கண். “இதுக்கு மேல ஆகாதுல்லக்கா?” என்று நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் ஆகாது என்றேன். கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

மூன்றாம் நாள் காலை வார்டு நர்ஸ் கூப்பிட்டார். “மேல வாங்க. உங்க அம்பத்தஞ்சாயிரம் என்ன வேல பண்ணுதுன்னு பாருங்க.”

நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெண் அதற்கு முன்பே குளிர்ந்த தண்ணீரை வாயில் அடக்கி வைத்திருக்கிறாள். நேற்றிலிருந்து காய்ச்சலே இல்லை என்று நர்ஸ் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். இன்று நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது.

திட்டித் தீர்ப்பது என்றுதான் படியேறினேன். அவள் கன்னம் உப்ப, வாயில் தண்ணீரோடு என்னைப் பார்த்து விழித்தாள். அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“எதுக்கும்மா இந்தத் திருட்டுத்தனம்?”

விழுங்கிவிட்டுச் சொன்னாள். “காய்ச்சல்னா இன்னும் நாலு நாள் வெச்சுக்குவாங்க. அதுக்கு வேற பில்லு வரும். பேப்பர்ல எழுதுறது ஒண்ணு, கடைசியில கேக்கறது ஒண்ணுதானக்கா. நான் நல்லாத்தான் இருக்கேன், வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

அவள் என்னை நம்பவில்லை. நம்புகிற மாதிரி இந்தப் பதினாறு வருடத்தில் நான் யாரிடமாவது நடந்திருந்தால்தானே?

சர்ஜன் வந்து பார்த்தார். உள்ளே சீழ் கோத்திருக்கும்போலிருக்கிறது, ஸ்கேன் எடுத்து வடிக்க வேண்டும், இன்னும் ஒரு வாரமாவது ஆகும் என்றார். அவர் பேசி முடிக்கிறவரை அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே ஓடினேன். கம்ப்யூட்டரில் அவளுக்கு இறுதி பில் போட்டு எடுத்துக்கொண்டு நிர்வாகியிடம் போய் நின்றேன்.

“மொத ஆளே இப்படியா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். “கேஸே முடியலயே, இறுதி பில் எப்படிம்மா போடுவ?”

“கேஸ் முடியல சார். பில் முடிஞ்சிருச்சு.”

என்னை முறைத்துக்கொண்டே பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அவர் மனசு மாறுவதற்குள் முத்திரையையும் நானே குத்திக்கொண்டேன்.

மேலே போய் அவள் கையில் கொடுத்தேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். புருஷனிடம் கொடுத்து அவரையும் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். ஐம்பத்தைந்தாயிரம். திரும்ப வாங்கி இரண்டாக மடித்தாள். அப்போதுதான் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. கையில் தொடங்கி உடம்பு முழுக்க, கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுங்கினாள்.

“குளிருதுக்கா. நேத்துலேருந்து குளிருது. ரொம்ப வலிக்குது.” சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

நர்ஸ் இரண்டு போர்வையை இழுத்துப் போர்த்தினார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். பெயின்டர் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் சூடு பறக்கத் தேய்த்தார். “எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லலியேம்மா.”

“சொன்னா கடன் கேட்டு ஓடுவீங்களே,” என்றாள் அவள், பல் தந்தியடிக்க.

“சரி, இப்பச் சொல்லு. எங்கெல்லாம் வலிக்குது?” என்று சர்ஜன் குனிந்து கேட்டார்.

போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, ஒன்றுவிடாமல் காட்டினாள்.